பாதி வரியில் நின்ற மூச்சு

“என்ன, மாடி ஏறிக்கிட்டே பேசுறியா?” என்று அக்கா போனில் கேட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரமாக அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “இல்லையே, உட்கார்ந்துதான் இருக்கேன்” என்று சொல்ல வாயெடுத்தேன். “இல்லையே” வந்துவிட்டது. மிச்சத்தைச் சொல்ல ஒரு மூச்சு இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நாளைக்குன்னு தள்ளிப்போடாதே. இப்பவே போய்க் காட்டு” என்றாள்.

அது எனக்குச் சளி பிடித்த எட்டாவது நாள். அது பிராங்கைட்டிஸாக, அதாவது மூச்சுக்குழாய் அழற்சியாக மாறியிருந்தது பிறகுதான் தெரிந்தது. முதல் மூன்று நாள் தொண்டைக் கரகரப்பு, மூக்கொழுகல், லேசான காய்ச்சல். நான்காம் நாள் மூக்கு சரியாகி, எல்லாம் நெஞ்சுக்குள் இறங்கியது. முதலில் வறட்டு இருமல், பிறகு மஞ்சளாகச் சளி. ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டதால், உடம்பு தேறி வருகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருமல் கூடியிருக்கிறதா, சளி என்ன நிறம், காய்ச்சல் எவ்வளவு என்று தினமும் பார்த்தேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

நான் ஆசிரியர். பாடத்தைச் சத்தமாக வாசிப்பது என் அன்றாட வேலை. ஆறாம் நாள் வகுப்புக்குப் போனேன். இருமலோடு போயிருக்கவே கூடாது, அது தனித் தவறு. ஒரு பத்தியை வாசித்துக்கொண்டிருக்கும்போது, நிறுத்தற்குறி எதுவும் இல்லாத இடத்தில் என் குரல் நின்றது. முன் வரிசையில் இருந்த மாணவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். மறுபடியும் அரை வரியில் நின்றது. வழக்கமாக ஒரே மூச்சில் இரண்டு வரி வாசிப்பவனுக்கு ஒரு வரிகூடத் தாங்கவில்லை. உடம்பு அன்றைக்கே சொல்லிவிட்டது. கேட்டுக்கொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை.

மூச்சுத்திணறல் என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவது என்றுதான் என் மனதில் ஒரு படம் இருந்தது. எனக்கு அப்படி வரவில்லை. சின்னச் சின்ன சமாளிப்புகளாக வந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பேன். பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டுவதற்கு முன் கட்டிலில் உட்காரத் தோன்றும். ஷூவின் நாடாவைக் கட்டக் குனிந்தால் எரிச்சலாக வரும். இரவில் ஒரு தலையணை இரண்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தை மனம் தயாராக வைத்திருந்தது: தூக்கமில்லை, சாப்பிடவில்லை, உடம்பு அசதி. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவள், தொலைவில் இருந்துகொண்டு என் குரலை மட்டும் கேட்ட அக்காதான்.

அன்று மாலை மருத்துவரிடம் போனேன். கையைப் பிடித்து நாடி பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருக்கிறாரே என்று தோன்றியது. அவர் கண் என் நெஞ்சின் மேல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். நாடி பார்ப்பதுபோல இருந்துகொண்டு மூச்சை எண்ணியிருக்கிறார். ‘மூச்சை எண்ணப்போகிறேன்’ என்று சொன்னால் யாருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்றார். நிமிடத்துக்கு 26. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருப்பதுதான் இயல்பு. நாடித்துடிப்பு 104. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94 காட்டியது. ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவர்களுக்குப் பொதுவாக 95 அல்லது அதற்கு மேல் இருக்கும்.

ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, “மூச்சை விடுங்க. இன்னும் விடுங்க. இன்னும் இருக்கு, விடுங்க” என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. மூச்சு இழுக்கத்தான் சிரமப்படுகிறேன் என்று நான் நினைத்திருக்க, இவர் ஏன் விடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்? கடைசிக் காற்று வெளியே போகும்போது எனக்கே கேட்டது. மூடிய கதவின் இடுக்கில் காற்று புகும்போது வருமே, அந்த மாதிரி மெல்லிய விசில்.

பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மேலும் மேலும் கிளைவிட்டு நுரையீரல் முழுக்கப் பரவுகின்றன. அந்தக் கிளைகளின் உள்தோல் கிருமியால் புண்பட்டு வீங்குவதுதான் பிராங்கைட்டிஸ், மூச்சுக்குழாய் அழற்சி. தோல் வீங்குவது ஒன்று, சளி அதிகமாகச் சுரந்து வழியை அடைப்பது இன்னொன்று, எரிச்சலில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது மூன்றாவது. மூன்றும் சேர்ந்து வழியைச் சுருக்குகின்றன. கொஞ்சம் சுருங்கினால் கொஞ்சம்தானே கஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் அகலம் பாதியானால் தடை 16 மடங்கு கூடுகிறது. ஒரு மெல்லிய வீக்கம் ஒரு ஆளை ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் இந்தக் குழாய்களும் சற்று விரிந்துகொடுக்கும். விடும்போது அவை இயல்பாகவே சுருங்கும். ஏற்கெனவே ஒடுங்கிய குழாய் அப்போது இன்னும் ஒடுங்கி, காற்று முழுசாக வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. பாதி நிறைந்த குடத்தில் மேலும் எவ்வளவு ஊற்ற முடியும்? காற்று பற்றவில்லை என்று நான் வேகவேகமாக இழுத்துக்கொண்டிருந்தேன். பழைய காற்று வெளியேறாததுதான் என் சிக்கல்.

மருத்துவர் கேட்ட கேள்விகளை எழுதிவைப்பது நல்லது என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூச்சுவாங்குவது எல்லாமே பிராங்கைட்டிஸ் ஆகிவிடாது. “படுத்தா அதிகமாகுதா? ராத்திரி மூச்சு முட்டி எழுந்திருக்கீங்களா? ரெண்டு காலும் வீங்கியிருக்கா?” என்றார். இதயம் சரியாக வேலை செய்யாமல் நுரையீரலில் நீர் கோத்தாலும் இருமலும் மூச்சிரைப்பும் வரும் என்பதற்காக அது. “ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குதா? மூச்சுத் திணறல் திடீர்னு ஆரம்பிச்சுதா?” என்றது, காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க. “மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் ஒரு இடத்தில் குத்துதா? விட்ட காய்ச்சல் திரும்ப வந்துச்சா?” என்றது நிமோனியாவுக்காக. சின்ன வயதில் இளைப்பு இருந்ததா, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்றும் கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று அவர் விசாரித்ததுதான் நான் எதிர்பாராதது. அந்த மாத்திரைகளில் சில வறட்டு இருமலைக் கொடுக்குமாம். வேறு சில, இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்குமாம். மருத்துவரிடம் போகும்போது வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோவது எவ்வளவு முக்கியம் என்று அன்று தெரிந்தது.

நாடியும் மூச்சும் வேகமாக இருந்ததால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் தெளிவாக இருந்தது, நிமோனியா இல்லை. அப்புறம்தான் ஒன்றைச் சொன்னேன். வீட்டில் பழைய அட்டையில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை நானாகவே இரண்டு நாள் சாப்பிட்டிருந்தேன், சளி மஞ்சளாக வந்ததைப் பார்த்துப் பயந்து. அவர் கோபப்படவில்லை, ஆனால் நிறுத்தச் சொன்னார். திடீரென வரும் பிராங்கைட்டிஸ் பெரும்பாலும் வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மஞ்சளும் பச்சையும், கிருமியோடு சண்டையிடும் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால் வரும் நிறம். வைரஸோடு சண்டையிட்டாலும் அந்த நிறம் வரும். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் இந்த நிறத்தை வைத்துத்தான் மாத்திரை வாங்குகிறார்கள்.

நெபுலைசர் வைத்தார்கள். சால்ப்யூட்டமால் என்ற மருந்து புகைபோல மூக்கு, வாய் வழியாக உள்ளே போனது. கால் மணி நேரத்தில் நெஞ்சில் கட்டியிருந்த கயிற்றை யாரோ தளர்த்தியதுபோல இருந்தது. கை நடுங்கியது, இதயம் படபடவென்று அடித்தது. அது மருந்தின் குணம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வீட்டுக்கு ஒரு இன்ஹேலரும், அதோடு பொருத்தி மருந்தை இழுக்க உதவும் குழல் போன்ற ஸ்பேசரும் மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பிராங்கைட்டிஸ் வந்த எல்லோருக்கும் இது தேவைப்படாது. எனக்கு விசில் சத்தம் இருந்ததால், அதாவது தசை இறுகியிருந்ததால் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமாயிற்று என்று நாமே வாங்கி இழுக்கிற பொருள் அல்ல.

இன்ஹேலரை முதல் நாள் தவறாகவே இழுத்தேன். குலுக்காமல், வேகமாக உறிஞ்சி, மருந்து முழுக்க நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிட்டது. சரியான முறை இது: குலுக்கி ஸ்பேசரில் பொருத்தி, முதலில் மூச்சை நன்றாக வெளியே விட வேண்டும். ஒரு தடவை மட்டும் அழுத்தி, மெதுவாக, ஆழமாக இழுத்து, முடிந்தால் 10 நொடி அடக்கி வைக்க வேண்டும். இரண்டாவது தடவை தேவை என்றால் அரை நிமிடமாவது விட்டு மறுபடி குலுக்கி அழுத்த வேண்டும். அடக்க முடியாத அளவுக்கு மூச்சுவாங்கினால் ஸ்பேசரில் வாயை வைத்தபடியே ஐந்து தடவை சாதாரணமாக மூச்சுவிட்டால் போதும். இதை ஒருவர் நேரில் செய்து காட்டி, நம்மைச் செய்யவைத்துப் பார்ப்பதுபோல வேறெதுவும் வராது. மருந்து வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அன்றிரவுதான் மோசமான இரவு. இரண்டு மணிக்கு இருமலில் எழுந்தேன். நிற்காத இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் இடையில் காற்றைப் பிடிக்க வாயைத் திறந்தால், அதுவே அடுத்த இருமலைக் கிளப்பியது. பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் மூச்சு வேகமாகும். வேகமானால் உள்ளே காற்று தேங்கும். தேங்கினால் திணறல் கூடும். அந்தச் சுழலுக்குள் மாட்டியவர்களுக்கு அது தெரியும்.

மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை அப்போது செய்தேன். மேசை முன்னால் உட்கார்ந்து, ஒரு தலையணையைப் போட்டு, அதன் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி முன்பக்கம் சாய்ந்தேன். கை ஊன்றிக்கொள்ளும்போது தோளைத் தாங்கும் வேலை தசைகளுக்குக் குறைந்து, அவை மூச்சுக்கு உதவ வருகின்றன. மூக்கு வழியாக இரண்டு எண்ணும் வரை இழுத்தேன். விளக்கை அணைக்காமல் அதன் சுடரை மட்டும் ஆட்டுவதுபோல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெதுவாக விட்டேன். உதட்டைக் குவித்து விடும்போது உள்ளே ஒரு சிறு எதிரழுத்தம் உண்டாகி, குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் பிடித்துவைக்கிறது. தேங்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. முதல் நாலைந்து மூச்சு சரியாக வரவில்லை. பத்தாவது மூச்சில் தோள் தானாக இறங்கியது. முகத்தில் படும்படி சின்ன மின்விசிறியை வைத்துக்கொண்டதும் நன்றாக இருந்தது. முகத்தில் காற்று படுவது மூச்சுமுட்டும் உணர்வைக் குறைக்கும்.

சளியை வெளியே கொண்டுவரவும் ஒரு வழி உண்டு. தொண்டை கிழிய இருமாமல், நடுத்தரமாக மூச்சு இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல ‘ஹா’ என்று வேகமாக விட வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால் சளி மேலே ஏறிவிடும், அதற்கப்புறம் ஒரே ஒரு இருமல் போதும். தொடர்ந்து கனமாக இருமுவது குழாய்களை மேலும் எரிச்சலாக்கி இறுகவைக்கும். ஆவி பிடிப்பது சிலருக்கு இதமாக இருக்கலாம், ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிந்து சூடுபட்டவர்கள் நிறைய. மூச்சுவாங்கும் ஆளை, அதுவும் குழந்தையை, அப்படி உட்காரவைக்காதீர்கள்.

அக்கா ஒரு ஆக்சிமீட்டரை வாங்கி அனுப்பிவிட்டாள். உதவியாக இருந்தது, ஆனால் அதையும் பழக வேண்டும். குளிர்ந்த விரலில் மாட்டினால் எண் தவறும். நகப்பூச்சு இருந்தாலும் தவறலாம். கருத்த தோலில் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் அறியப்பட்ட விஷயம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு நிமிடமாவது காத்திருந்து பார்க்க வேண்டும். எண் நன்றாக இருக்கிறது, ஆள் மூச்சுவாங்குகிறார் என்றால் ஆளைத்தான் நம்ப வேண்டும். மூச்சை வேகப்படுத்தி உடம்பு நீண்ட நேரம் அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கும்.

அதனால் நான் எண்களோடு இன்னொரு அளவையும் வைத்துக்கொண்டேன். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் ஒரே பத்தியைச் சத்தமாக வாசித்து, ஒரு மூச்சில் எந்தச் சொல் வரை போகிறேன் என்று பென்சிலால் ஒரு கோடு போடுவேன். முதல் நாள் நாலாவது சொல்லில் கோடு. மூன்றாம் நாள் ஏழாவது. ஐந்தாம் நாள் வரி முடிந்து அடுத்த வரிக்குப் போனது. கூடவே, உட்கார்ந்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது. 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தவறு பெரிதாகிவிடும்.

மருத்துவர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்ததை அப்படியே அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் சொல் சொல்லாகப் பேசினால், உதடோ நகமோ நீலம் பாரித்தால், குழப்பமாகப் பேசினாலோ மயக்கம் போல் தூங்கி வழிந்தாலோ, ஆக்சிமீட்டர் 92-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால், இன்ஹேலர் இழுத்தும் தளரவில்லை என்றால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால், யோசிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு. விட்ட காய்ச்சல் திரும்பினாலோ, மூன்று வாரமாகியும் இருமல் விடவில்லை என்றாலோ மறுபடி அவரிடம். குழந்தைகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது, அவர்களுக்கு மூச்சு இயல்பாகவே வேகமானது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கினால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினால், பால் குடிக்க முடியாமல் விலகினால், காத்திருக்கக் கூடாது. எழுதிக்கொடுத்தவர், “வீட்டில் இருக்கிறவங்களும் இதைப் படிக்கட்டும். மூச்சுமுட்டுற ஆளுக்குத் தன் நிலைமை தெரியாது” என்றார். எனக்குத் தெரியவில்லையே.

மூச்சுவாங்குவது பத்து நாளில் அடங்கியது. இருமல் மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தது. குழாயின் உள்ளே சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வளர்ந்து வேலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குளிர்ந்த காற்று, தூசி, வாசனைத் திரவியம் எது பட்டாலும் இருமல் கிளம்பும். வகுப்பில் கரும்பலகையை உலர்ந்த துணியால் துடைப்பதை நிறுத்தி ஈரத்துணிக்கு மாறினேன். ஆறு வாரம் கழித்து ஊதிப்பார்க்கும் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி, செய்தார்கள். அடிக்கடி ‘பிராங்கைட்டிஸ்’ வந்து விசில் சத்தம் கேட்கும் பலருக்கு உள்ளே ஆஸ்துமா ஒளிந்திருக்கும், அது இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான் என்றார் மருத்துவர். எனக்கு இயல்பாக இருந்தது.

அந்தப் பரிசோதனை முடிந்து வெளியே வரும்போது எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். நாற்பது வருடம் புகைத்தவர். காலையில் எழுந்ததும் அவர் இருமிச் சளி துப்புவது எங்கள் வீட்டுச் சத்தங்களில் ஒன்று. யாரும் அதை நோயாக நினைத்ததில்லை. வருடத்தில் மூன்று மாதம் சளியோடு இருமல், அதுவும் அடுத்தடுத்து இரண்டு வருடம் இருந்தால் அதற்கு நாள்பட்ட பிராங்கைட்டிஸ் என்று பெயர். அப்பாவுக்கு இரண்டு வருடம் அல்ல, இருபது வருடம். அவர் மாடி ஏறும்போது படி திரும்பும் இடத்தில் நின்று, ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே வேடிக்கை பார்ப்பார். அது அவர் பழக்கம் என்று இருந்துவிட்டோம். நானும் அதே படியில் நின்று ஒன்றுமில்லாத போனைப் பார்த்தவன்தானே.

அவரை அழைத்துப்போய் ஊதவைத்தோம். முழு மூச்சையும் ஊதும்போது முதல் நொடியிலேயே பத்தில் ஏழு பங்காவது வெளியே வந்துவிட வேண்டும். அப்பாவுக்குப் பாதிதான் வந்தது, இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தும் அப்படியே. சிஓபிடி, அதாவது மூச்சுவழி நிரந்தரமாக ஒடுங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்றார்கள். இழந்ததைத் திருப்ப முடியாது, ஆனால் இன்றைக்குப் புகையை விட்டாலும் மேற்கொண்டு தேயும் வேகம் குறையும் என்று அவரிடமே நேராகச் சொன்னார்கள். விட்டு ஐந்து மாதம் ஆகிறது. தினமும் இழுக்கும் இன்ஹேலர், ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, மாலையில் நடை.

படி திரும்பும் இடத்தில் இப்போது ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம். அப்பா அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெதுவாக விடுகிறார். அப்புறம் எழுந்து மீதிப் படிகளை ஏறுகிறார்.